பஞ்சர் கடை பதில்கள்: டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை

கேள்வி: சென்ற மாதம் தாம்பரத்திலிருந்து மதுரைக்கு எங்கள் புதுக் காரில் கிளம்பினோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். இரவு பதினொன்றரை மணி இருக்கும். சிறுவாச்சூர் தாண்டியதும் டயர் விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஏதோ சென்சார் கோளாறு என்று நினைத்தோம். ஐந்து நிமிடத்தில் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்தலாம் என்று கணவர் இன்னும் 2 கிலோமீட்டர் ஓட்டி ஒரு டீக்கடை முன் நிறுத்தினார். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே இல்லை. ஒரு பாட்டிலும் குட்டிக் காற்று மெஷினும்தான் இருந்தன. பாட்டில் திரவத்தை ஏற்றினோம். பக்கவாட்டில் வெள்ளையாக நுரை வழிந்ததே தவிர டயர் எழும்பவில்லை. விடியும்வரை டீக்கடை பெஞ்சுதான். காலையில் வந்தவர் டயரைக் கழற்றிப் பார்த்து, 'சின்ன ஆணிதான், ஆனால் டயர் போச்சு' என்றார். சின்ன ஆணிக்கு எப்படி முழு டயரும் போகும்? ஸ்டெப்னி கொடுக்காமல் கார் விற்கச் சட்டம் அனுமதிக்கிறதா?
- வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, ஆணி போட்டது நூற்றைம்பது ரூபாய் ஓட்டை. மிச்சத்தைச் செய்தது அந்த 2 கிலோமீட்டர்.

காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அது மடிந்து மடிந்து நிமிரும். உள்பக்கம் உரசிச் சூடேறி ரப்பர் உதிரும். கடையில் டயரைக் கழற்றியதும் நான் முதலில் உள்ளே கையை விட்டுத் தடவுவேன். கேழ்வரகு மாவு மாதிரி கருப்புத் தூள் கையில் ஒட்டினால் பேச்சே கிடையாது, டயரை ஓரமாக வைத்துவிடுவேன். வெளியே பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும். உங்கள் பாட்டில் நுரை வழிந்ததும் அப்படிப் பிய்ந்த பக்கச்சுவர் வழியாகத்தான்.

அதற்காக உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன். நள்ளிரவில், ஆம்னி பஸ்கள் பறக்கிற ரோட்டில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் நிறுத்துவதைவிட ஒரு டயரைப் பலி கொடுப்பது எவ்வளவோ மேல். தவறு அதற்கு முன்னால் நடந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தபோது டயரில் காற்று மிச்சம் இருந்தது. ஆணி ஏறிய டியூப்லெஸ் டயர் படாரென்று இறங்காது. ஆணியே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் வேகத்தைக் குறைத்து, பெட்ரோல் பங்க்கோ ஹோட்டலோ பார்த்து ஒதுங்கி, அந்தக் குட்டி மெஷினால் வெறும் காற்றை மட்டும் ஏற்றியிருந்தால் போதும். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, பெரும்பாலும் 33, 35 பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டு 50 வேகத்தில் ஓட்ட வேண்டும். திரும்ப இறங்கினால் திரும்ப ஏற்ற வேண்டும். இப்படியே கடை கடையாகத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆணியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும்.

இன்னொன்று. மெஷினை மாட்டும் முன் வால்வு வாயில் விரலால் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை டயரில் இல்லை, வால்வு பின்னில். இறுக்கினாலே சரியாகிவிடும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பாலக்காட்டுச் சேட்டன், வண்டி வந்ததும் ஜாக்கியைத் தொடமாட்டார், முதலில் எச்சில்தான் தொடுவார். அருவருப்பாக இருந்தால் சோப்புத் தண்ணீர்.

பாட்டில் சமாசாரத்துக்கு வருகிறேன். அது கடைசி ஆயுதம். ரோட்டில் படும் முகத்தில் 4 மில்லிமீட்டர், மிஞ்சினால் 6 மில்லிமீட்டர் ஓட்டை வரைதான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிசலுக்கு அதை ஊற்றுவது வாளி ஓட்டைக்குச் சோற்றுப்பசை தடவுவது போல. திரவத்தை ஏற்றியதும் அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது உள்ளே சுற்றிப் பரவி ஓட்டையைப் பிடிக்கும். அப்புறம் நிறுத்திக் காற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். 80 வேகத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, அடியில் பாருங்கள். கடைக்குப் போனதும் 'உள்ளே மருந்து ஊற்றியிருக்கிறோம்' என்று சொல்லிவிடுங்கள் தாயே. சொல்லாமல் கொடுத்துவிட்டு, டயரைப் பிரித்ததும் என் சட்டையெல்லாம் பால் அபிஷேகம் ஆன நாள் உண்டு.

சட்டம் அனுமதிக்கிறது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் இவை மூன்றும் இருந்தால், ஓட்டுநரோடு சேர்த்து 9 பேர் வரை போகிற கார்களில் ஸ்டெப்னி வேண்டியதில்லை. எலக்ட்ரிக் வண்டியில் பேட்டரி இடத்தைத் தின்கிறது, எடையும் குறைய வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஸ்டெப்னியை எடுக்கும்போது கூடவே ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் டிக்கியிலும் இருந்திருக்காது, பாருங்கள்.

ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் ஜாக்கி இருந்தால் சக்கரம் மட்டும் தனியாக ஊருக்குப் போய் வரும். 2013-இல் வால்பாறை ஏறும்போது எனக்கு அப்படி நடந்தது. அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. பஞ்சர் கடைக்காரன் வண்டி! என் மனைவி அன்று சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டுக் கழற்றி, இறங்கி வந்த அரசுப் பேருந்தை மறித்தேன். டிரைவர் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே சக்கரத்தைப் படுக்க வைத்துக்கொண்டார். நானும் ஏறி ஆழியாறு வரை போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த பேருந்தில் மேலே வந்தேன். மூன்றரை மணி நேரம் ஆனது. டயர் பிழைத்தது.

அதனால் முதலில் ஒரு ஜாக்கியும் உங்கள் நட்டுக்குச் சரியான ஸ்பேனரும் வாங்குங்கள். எலக்ட்ரிக் வண்டி என்றால் கம்பெனி குறித்துள்ள இடத்தில் மட்டும் ஜாக்கி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பேட்டரிப் பெட்டியில் இடிக்கும். கூடவே டியூப்லெஸ் குச்சி (ஓட்டையில் திணிக்கும் ஒட்டும் ரப்பர் திரி), ரீமர் (ஓட்டையை உரசிச் சீராக்கும் கம்பி), ஊசி அடங்கிய செட். சில நூறு ரூபாய்தான். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் ரீமரை நன்றாக முறுக்கி உரசி, குச்சியை ஊசியில் கோத்துப் பாதிக்கு மேல் உள்ளே தள்ளி வெடுக்கென்று ஊசியை மட்டும் உருவ வேண்டும். முதல்முறை பயமாக இருக்கும். உங்கள் தெருக் கடையில் பழைய டயர் ஒன்றைக் கேட்டு, இரண்டு தடவை குத்திப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் குத்தச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

பக்கச்சுவர் கிழிந்திருந்தால் இதில் எதுவும் உதவாது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். சுங்கச்சாவடிகளிலிருந்து ரோந்து வண்டியும் கிரேனும் வரும். எந்த இடம் என்று கேட்பார்கள். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். வரும்வரை நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும், முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள், பிள்ளைகளை இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். குளிர்கிறது, கொசு கடிக்கிறது என்று காருக்குள்ளேயே உட்காரவைக்க வேண்டாம். நின்ற வண்டியில் லாரி வந்து மோதியதை என் கடை வாசலிலேயே இரண்டு தடவை பார்த்தவன் சொல்கிறேன்.

கேள்வி: என் கார் டயரில் நைட்ரஜன் அடித்திருக்கிறேன். வழியில் காற்று குறைந்தால் சாதாரணக் காற்றைக் கலக்கலாமா?
- வாசகர், கரூர்

பதில்: தாராளமாக. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கடை தேடிக் காற்றில்லாத டயரில் ஓட்டிப் போனவரையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எல்லாரும் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது யார் பெயர்?
- பத்தாம் வகுப்பு மாணவர், துறையூர்

பதில்: இதைச் செய்தவர் பெயர் இல்லை தம்பி, ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் இதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே கவ்வியால் மாட்டி ஓட்டிப் போவார்கள். இன்றைக்கு இங்கிலீஷ்காரர்களே அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். நாமும் மால்டாக்காரர்களும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரேசிலில் 'எஸ்டெப்பி' என்கிறார்கள்.