கேள்வி பதில்: நிரம்பிய போனும் ரங்கூன் பேரேடும்

காரைக்குடியில் கணினி பழுது பார்ப்பதும், போன கோப்புகளை மீட்டுக் கொடுப்பதும் என் தொழில். போனிலும் கணினியிலும் சேர்ந்து கிடப்பதை எப்படி ஒழுங்கு செய்வது என்று கேட்கலாம் என்றேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்: எதையும் அழிக்கும் முன் இன்னொரு இடத்தில் நகல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். என்னிடம் அழுதுகொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் குப்பை சேர்த்தவர்கள் இல்லை, சுத்தம் செய்தவர்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: போனில் மெமரி ஃபுல் என்று வந்துகொண்டே இருக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேரன் படம் எதுவும் போய்விடக் கூடாது. எதை அழிக்கலாம்?

ஆச்சி, பேரன் படத்தில் கை வைக்கவே வேண்டாம். இடத்தை அடைப்பது பெரும்பாலும் காலை வணக்கமும் கோயில் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பக்கமும், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை இன்னொரு பக்கமும் பிரித்தே காட்டும். ஃபார்வர்ட் ஆனதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிட்டால் மறுபடி நிரம்ப நாளாகும்.

போன் நிரம்புவது வேறு, கூகுள் கணக்கு நிரம்புவது வேறு. எந்த எச்சரிக்கை வருகிறது என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் சேருகிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: 2021 ஜூன் 1-க்கு முன்னால் ‘ஹை குவாலிட்டி’யில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபியில் சேரவே சேராது. இடம் வேண்டும் என்று அவற்றை உட்கார்ந்து அழித்தால் படம்தான் போகும், இடம் வராது.

இன்னொன்று. கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேகத்திலும் (இணையச் சேமிப்பிலும்) போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தொடுங்கள். அதற்கு முன் மகனிடம் சொல்லி எல்லாப் படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செக்காலை, கல்லூரி மாணவர்: ஒரே கிளிக்கில் சுத்தம் செய்யும் ஆப் ஏதாவது நல்லது சொல்லுங்கள்.

எதுவும் வேண்டாம் தம்பி. விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் ஃபைல்ஸ் ஆப் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டை) துடைக்கிறேன் என்று வரும் மென்பொருளை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கானாடுகாத்தான், தங்கும் விடுதி மேலாளர்: வரவேற்பறைக் கணினியின் டெஸ்க்டாப் முழுக்க ஐகான். இதனால்தான் மெதுவாக ஓடுகிறதா?

ஐகானால் இல்லை. சி டிரைவில் எவ்வளவு காலி இருக்கிறது என்று பாருங்கள். கழுத்துவரை நிரம்பியிருந்தால் மெதுவாகத்தான் ஓடும். கணினியைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களையும் குறையுங்கள். கணினியில் இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத சேமிப்பகம்) என்றால் டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் வேலை) பக்கம் போக வேண்டாம்.

ஆனாலும் டெஸ்க்டாப்பைக் காலி செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாததா, முகப்பில் யாரும் நெல் மூட்டை அடுக்குவதில்லை. விருந்தினர் அடையாள அட்டை நகல் அங்கே கிடக்கிறது என்றால், பின்னால் நிற்கும் அடுத்த விருந்தினர் அதைப் பார்க்கிறார். அழிப்பதற்கு முன் ஒரு சோதனை: அந்த டெஸ்க்டாப் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருக்கிறதா? புதுக் கணினிகளில் கேட்காமலே இணைந்துவிடுகிறது. இணைந்திருந்தால் இங்கே அழித்தது அங்கேயும் போகும். ஒத்திசைவு என்பது பேக்கப் இல்லை. இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டி வரும் என்று தெரியும்.

புதுவயலிலிருந்து: போன் மெமரி ஃபுல். என்ன செய்ய?

தேவகோட்டை ஆச்சிக்குச் சொன்னதுதான். வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: எங்கள் ஐயா காலத்து ரங்கூன் கடைக் கணக்கு, பேரேடும் குறிப்பேடுமாக இரண்டாங்கட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அண்ணன் மகன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவிட்டான். இனி ஏட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறான். பங்காளிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போடாதீர்கள் அண்ணே. முதலில் அந்தப் படங்களை ஏட்டோடு பக்கம் பக்கமாக ஒத்துப் பாருங்கள். தைத்த இடத்தை ஒட்டி உள்ளே போகும் எழுத்து தெரிகிறதா? கட்டைவிரல் விழுந்த பக்கம் எத்தனை? இரண்டு தாள் சேர்ந்து புரண்டு, ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கிறதா? ஏட்டில் தமிழ் எண் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘க’வும் ‘ச’வும் கையெழுத்தில் மங்கினால் 1 எது, 4 எது என்று சொல்ல முடியாது. வயல் கணக்கும் கலந்திருந்தால் மா, காணி, முந்திரி எல்லாம் வரும். 1/20, 1/80, 1/320. ஒரு சுழிப்பு போனால் கணக்கே வேறு.

எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் ஸ்கேன் வேண்டும். பொடி எழுத்து என்றால் 400, 600 வரை போகலாம். தட்டை ஸ்கேனரில் ஏட்டைக் கவிழ்த்து அமுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். மேலிருந்து, நேராக, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது. பங்காளிகள் குரூப்பில் போட்டு ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்று நினைத்திருந்தால், அதுவும் கதைதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மூலக் கோப்பாகப் போக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்ப வேண்டும்.

அந்த அண்ணன் மகன்: நான்தான் அவன். என் போன் கேமரா நல்ல கேமரா. இன்னும் சில வருஷத்தில் ஏஐ எல்லாக் கையெழுத்தையும் படித்துவிடும். கரையான் அரிக்கிற தாளை வைத்துக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

ஏஐ படிக்கட்டும், எனக்கும் சந்தோஷம். அது படிக்க நல்ல படம் வேண்டும். இன்று எடுத்த படம் போதவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தால் மறுபடி எதைப் படம் பிடிப்பீர்கள்? கரையான் என்றால் பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஏட்டைக் கொல்வது கரையானுக்கு வைத்தியம் இல்லை.

கோட்டையூரிலிருந்து: தம்பிக்கு எங்கள் ஊர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய நூல், இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அடுத்தவர் கழித்துவிட்டதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை வைத்து 1994-இல் சென்னையில் நூலகம் உருவானது. அங்கே நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்தார்கள், பிறகு மின்படியும் எடுத்தார்கள். தாள் இருந்ததால்தான் ஒவ்வொரு காலத்துக் கருவியாலும் மறுபடி எடுக்க முடிந்தது. தம்பி, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

காரைக்குடி, பெயர் வேண்டாம் என்றவர்: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கொடுத்தால் காசாவது வருமே.

பெட்டிக்கு வரும். பெட்டியை விற்பது உங்கள் இஷ்டம், உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். கடைக்கணக்கில் அடுத்த வீட்டார் கடனும் எழுதியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டரசன்கோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: அப்பத்தா கல்யாணத்து இசைகுடிமானம் (கல்யாண உடன்படிக்கை) ஓலையில் இருக்கிறது. லேமினேட் செய்து ஸ்கேன் பண்ணலாமா?

ஐயோ, லேமினேஷன் வேண்டவே வேண்டாம் ஆச்சி. ஓலைக்கும் வேண்டாம், பத்திரத்துக்கும் வேண்டாம். சூடும் பசையும் பட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. ஓலையை நிமிர்த்தவும் முயல வேண்டாம். இருக்கிற வளைவோடு இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து.

பத்திரம் என்றதும் நினைவு வருகிறது. டிஜிலாக்கரில் அரசுத் துறை நேரடியாக வழங்கும் ஆவணம் வேறு, நாமே படம் பிடித்து ஏற்றியது வேறு. இரண்டாவது வெறும் நகல். அதை நம்பி மூலத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

அண்ணன் மகன், மறுபடியும்: சரி, தாளை வைத்துக்கொள்கிறோம். பராமரிக்க ஆள் யார்? வருஷத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது.

இது நியாயமான கேள்வி. வீட்டில் முடியாது என்றால் ஆவணம் சேர்க்கும் நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். பெட்டியோடு போய் நிற்க வேண்டாம். எந்த ஊர்க் கடை, எந்த விலாசம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை ஏடு என்று ஒரு பட்டியல் போட்டு, சில பக்கங்களின் படத்தோடு எழுதிக் கேளுங்கள். பங்காளிகள் கையெழுத்தை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், பின்னால் வம்பு வரும்.

மின்படிக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஒரே ஒருவர் மேகக் கணக்கில் மட்டும் போட்டு மற்றவர்களுக்குச் சுட்டி (லிங்க்) அனுப்பினால் அது ஒரே நகல்தான். அவர் கணக்கு போனால் எல்லாருக்கும் போச்சு.

கல்லலிலிருந்து: சண்டை முடிந்ததா? எனக்குப் போன் மெமரி ஃபுல்.

முடிந்தது. வாட்ஸ்அப், மேனேஜ் ஸ்டோரேஜ்.

பொன்னமராவதி, அச்சகம் வைத்திருப்பவர்: பழைய கணினியில் இருபது வருஷத்து அழைப்பிதழும் குடும்ப மலரும் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், உள்ளே நல்ல தமிழ்தான் இருக்கிறது. பாமினி, வானவில், டாப், டிஸ்கி என்று அந்நாளில் எழுத்துருவுக்குத் தக்கபடி பல குறியாக்கங்கள். ஆங்கில எழுத்தோ வேறு குறியோ இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருப்பது வெளியே தெரிகிறது. முதலில் பழைய கணினியின் எழுத்துரு ஃபோல்டரை அப்படியே நகல் எடுங்கள். பிறகு எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்று குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். வேறு எழுத்துருவைத் தேர்ந்து மாற்றினால் குப்பைதான் வரும்.

பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகளுக்கு அவசரம் அதிகம். அதன் கடைசிப் பதிப்பு 7, 2001-இல் வந்தது. அதைத் திறக்கும் பழைய கணினி மூச்சோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

‘ஃபோல்டர் எதற்கு, தேடினால் கிடைத்துவிடும்’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். பாமினியில் அடித்த கோப்பில் ‘முத்துப்பட்டணம்’ என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. கோப்பின் பெயரிலாவது விவரம் இருக்க வேண்டும்.

ஆத்தங்குடி, பூக்கல் (தரை ஓடு) பட்டறை: வாடிக்கையாளர் கேட்கும் டிசைன் படங்கள் போனில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போன மாதம் கேட்டதைத் தேட அரை நாள் ஆகிறது.

பெயரில் தேதியை முன்னால் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். 2025-03-14_டிசைன்27_சிவப்பு_கூடம் என்கிற மாதிரி. 14-03-2025 என்று எழுதினால் கணினி எல்லா வருஷத்து 14-ஆம் தேதியையும் ஒன்றாக அடுக்கும். வாடிக்கையாளர் பெயரைவிட டிசைன் எண் முக்கியம், ஏனென்றால் கண்ணாடி மேல் வைக்கும் அச்சு அந்த எண்ணில்தானே கிடைக்கும். அச்சிலும் அதே எண்ணை எழுதிவிடுங்கள். பழைய ஆயிரத்துக்கும் பெயர் மாற்ற உட்கார வேண்டாம், ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு இன்று வரும் ஆர்டரிலிருந்து தொடங்குங்கள்.

குன்றக்குடியிலிருந்து: எந்த லேப்டாப் வாங்கலாம்?

இங்கே அது இல்லை.

கண்டனூரிலிருந்து: அப்பச்சி போன வருஷம் தவறிவிட்டார். அவர் மெயிலில் வங்கி, இன்சூரன்ஸ் கடிதமெல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

வருந்துகிறேன். முதல் வேலை, அவர் செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் நிற்காமல் பாருங்கள். எண் செயலிழந்தால் பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும், ஓடிபியும் அங்கேதான் போகும். பாஸ்வேர்டை ஊகித்துப் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். இறந்தவர் கணக்குக்கென்று கூகுளில் தனி விண்ணப்பம் இருக்கிறது, சான்றிதழோடு அதைக் கொடுங்கள். தாமதிக்காதீர்கள், இரண்டு ஆண்டு பயன்படாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கலாம்.

மற்றவர்களுக்கு: இன்றே உங்கள் கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ போய், இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குச் சொல் என்று குறித்து வையுங்கள். 3 முதல் 18 மாதம் வரை வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம்.

சூரக்குடியிலிருந்து: போனில் இடம் இல்லை என்கிறது…

மேலே மூன்று முறை இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: விண்டோஸ் 10 கணினி. அப்படியே ஓட்டலாமா?

2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஓடும், ஆனால் வங்கி வேலைக்கு வேண்டாம். மாற்றுவதற்கு முன் நகல்.

காரைக்குடியிலிருந்து: கல்யாணப் படமெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. வேறு நகல் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு மீட்பு மென்பொருள் பார்த்தேன், ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். இப்போதே கழற்றுங்கள். ஒவ்வொரு முறை செருகும்போதும் உள்ளே தகடு கீறுப்படலாம். ஃப்ரீசரில் வை என்று யாராவது சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். துணியில் சுற்றி, அசையாமல், கடைக்குக் கொண்டு வாருங்கள். பொருளைப் பார்க்காமல் கிடைக்கும், கிடைக்காது என்று எதுவும் சொல்ல மாட்டேன்.