அம்பாசடர் பிளாக்கில் வெளிப்புற விரிசல்: வெல்டிங் வேண்டாம்

அம்பாசடர் காரின் இன்ஜின் பிளாக்கில் வெளிப்புறம் இரண்டு அங்குல விரிசல், வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இடம், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவர், வார்ப்பிரும்பு. பிளாக்கை முழுதாகச் சூடேற்றாமல் அங்கே மட்டும் பற்றவைத்தால், ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். இரண்டு அங்குல விரிசலுக்கு இரும்புத்தூள் கலந்த எபாக்சி பசை போதும்.

கொதித்த இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றியிருந்தால் விரிசலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் உள்ளேயும் இறங்குகிறது, எபாக்சி உதவாது.

ஆயில் சுத்தமா? சரி, கூலண்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை) வடித்து, பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூள் தூவுங்கள். ஈரக்கோடு விரிசலின் உண்மையான நீளத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரிவதைவிட அது பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். இதைத் தவிர்த்தால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் கோட்டை 'வி' வடிவில் அராவி, அசிட்டோனால் துடைத்து, எபாக்சியை அழுத்தி நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

ரேடியேட்டரில் ஊற்றும் லீக் பவுடர் வேண்டாம், அது ரேடியேட்டரையே அடைக்கும்.

சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஹெட் போல்ட்டின் துளையை விரிசல் தொட்டால், மெட்டல் ஸ்டிச்சிங் (வெல்டிங் இல்லாமல் உலோகத் துண்டுகளால் விரிசலைத் தைப்பது) தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.