டிரங்குப் பெட்டியிலிருந்து கணினிக்கு: வாசகர் கேள்வி – பதில்

எல்லையோர ஊர்களின் பழைய காகிதங்கள், வரைபடங்கள், பேச்சுப் பதிவுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தாத்தா காலத்துத் தமிழ்க் கணக்குச் சீட்டுகளும் முப்பது போட்டோக்களும் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. போனில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதுமா? சீட்டுகளில் ஆண்டு ௲௱௰௨ என்று இருக்கிறதே, அது என்ன கணக்கு?
— ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: போதாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும். பென்சிலில் எழுதிய சிறு குறிப்பு முதலில் காணாமல் போகும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள்.

சீட்டுகளை 400 டிபிஐயிலும் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போட்டோக்களை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யலாம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். பழுப்பேறிய காகிதத்தில் மங்கிய மையையும் முத்திரையையும் பிரித்துக் காட்டுவது வண்ணம்தான். 4×6 அங்குலப் படம் ஒன்று டிஃப் (சுருக்காமல் சேமிக்கும்) கோப்பாகச் சுமார் 26 எம்பி வரும். முப்பது படமும் சேர்ந்தால்கூட ஒரு ஜிபி ஆகாது, எனவே இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

மடித்து மடித்து விறைத்துப்போன காகிதத்தை ஸ்கேனர் மூடியால் அழுத்தினால் மடிப்பிலேயே உடையும். அதை ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, போனைக் காகிதத்துக்குச் சமமாகப் பிடித்து எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், பசை பழுத்து எழுத்தைத் தின்னும். லேமினேஷன் கூடவே கூடாது.

இனி ஆண்டு. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௨ இரண்டு. ஆக 1112. இது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு. மலபார் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோதும், அதன் நடுவே தீவு போலக் கிடந்த உங்கள் சித்தூர் தாலுகா கொச்சி அரசுக்குச் சொந்தம். கொல்லம் கணக்கு உங்கள் சீட்டில் இருப்பது அதனால் இயல்பே. சிங்கம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825ஐ. தனு (மார்கழி) மாதம்தான் வில்லங்கம்: 16, 17 தேதி வாக்கில் ஜனவரி பிறந்துவிடும், ஆகவே தேதியையும் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். கணக்கு சரியா என்று உரசிப் பார்க்க ஒரு நாள் சொல்கிறோம். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) 27. அது 1936 நவம்பர் 12.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில ஆண்டை முன்னால் போடுங்கள்: ‘1936-சித்தூர்-சீட்டு-003’. சீட்டில் உள்ள மூல ஆண்டைக் குறிப்பில் அப்படியே எழுதிவையுங்கள். கணினி தானாகக் காட்டும் தேதி நீங்கள் ஸ்கேன் செய்த நாள், சீட்டின் நாள் அல்ல.

சீட்டின் எழுத்தைக் கணினியே படித்துவிடும் என்று நம்பாதீர்கள். அச்சுப் புத்தகத்தை ஓரளவு படிக்கும். அதிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை வரும் இடங்களில் தடுமாறும். தமிழ் எண் வந்தால் கேட்கவே வேண்டாம்: ௧ ‘க’ ஆகும், ௭ ‘எ’ ஆகும், ௮ ‘அ’ ஆகும். கையெழுத்துச் சீட்டை மனிதர்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழைய வரைபடம் ஒன்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்க ஆசை. எப்படிச் செய்தாலும் ஓரங்கள் கோணுகின்றன.
— ஒரு வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: கியூஜிஐஎஸ் என்பது வரைபட வேலைக்கான இலவச மென்பொருள், அதிலுள்ள ஜியோரெஃபரன்ஸர் இதற்கென்றே இருக்கிறது. குறைந்தது மூன்று புள்ளி (பழைய வரைபடம், இன்றைய படம் இரண்டிலும் அடையாளம் தெரியும் ஒரே இடம்) இருந்தால் அது வேலை செய்யும், ஆனால் எட்டுப் பத்துப் புள்ளியாவது வையுங்கள், நான்கு மூலைக்கும் பரப்பி வையுங்கள். நடுவிலேயே குவித்தால் ஓரம் கோணத்தான் செய்யும். பழைய கோயில், ஏரி மதகு, ரயில் பாதை இவை நம்பத்தக்கவை. புத்தூர், திருத்தணி வழியாக ரேணிகுண்டா–அரக்கோணம் பாதை ஓடுவது உங்களுக்கு வசதி. ஆற்றங்கரையை நம்பவேண்டாம், அது நகரும். ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிட மிகவும் விலகிக் காட்டினால் அந்தப் புள்ளிதான் தப்பு. புள்ளிக்குப் புள்ளி படத்தை வளைத்து இழுக்கும் ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ முறையை எடுத்த எடுப்பில் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாப் புள்ளியிலும் பிழை சுழியம் என்று காட்டி, உங்கள் பிழையை மறைத்துவிடும். வரைபட ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே தட்டச்சு செய்வதும் ஆபத்து. அவை எவரெஸ்ட் என்ற பழைய நில அளவைக் கணக்கில் உள்ளவை. இன்றைய ஜிபிஎஸ் அளவையாக எடுத்துக்கொண்டால் ஊர் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகலாம்.

தேடுவதிலும் ஒரு சங்கதி உண்டு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911இல். அதற்கு முந்தைய ஆவணங்களை வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரில், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, ஆகவே அதன் காகிதம் இரு மாநிலத்திலும் இருக்கும். பசலி (பழைய நிலவரிக் கணக்கு) ஆண்டு கண்டால் 590ஐக் கூட்டுங்கள். ஜூலையில் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரை 591. இன்னொன்று: தேடுபெட்டியில் ‘சித்தூர்’ என்று மட்டும் போட்டால் மேலே கேட்ட வாசகியின் சித்தூரும் வந்து நிற்கும். உங்கள் குறிப்புகளில் ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பழைய போட்டோவுக்கு ஏஐ வண்ணம் ஏற்றி ஊர்க் கண்காட்சியில் வைக்கலாமா?
— ஒரு வாசகர், குப்பம்

பதில்: புடவையின் நிறம் ஏஐக்குத் தெரியாது, ஊகிக்கிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கச் சொன்னால் வேறொருவர் முகத்தையே வரைந்துவிடும். வைப்பதானால் மூலத்தைப் பக்கத்திலேயே வைத்து, ‘ஏஐ நிறமூட்டியது’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள்.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்த்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறோம். மென்பொருள் எழுதித் தருவதில் பிழை மலிந்திருக்கிறது.
— இளைஞர் குழு, மூணாறு

பதில்: முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து இரண்டு சாண் தூரத்தில், துண்டு விரித்து அதன்மேல் வையுங்கள். மேசை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பி. பெயர், ஊர், தேதி, யாரெல்லாம் கேட்கலாம் என்ற சம்மதம் நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லவையுங்கள். நிலத் தகராறு, சாதிப் பூசல் வந்தால் பொதுவில் ஏற்றுமுன் மறுபடி கேளுங்கள்.

மென்பொருளின் பிழை இரண்டு வகை. பேச்சில் கலந்த மலையாளச் சொல்லை அது பாடப்புத்தகத் தமிழாகத் ‘திருத்தி’விடும். பேச்சு நின்ற இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை இட்டுக்கட்டும். இரண்டாவதுதான் மோசம், படிக்கும்போது உறுத்தாது. வரைவு எழுத மட்டும் அதை வைத்துக்கொண்டு, ஒலியோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு மணிப் பேச்சுக்கு ஐந்தாறு மணி ஆகும், குறுக்கு வழி இல்லை.

பெரியவர் “தொண்ணூத்தொம்பது வெள்ளம்” என்றால் 1999 என்று எழுதிவிடாதீர்கள். அது கொல்லம் 1099. 1924 ஜூலையில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அதுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [1924 ஜூலை] என்று சேருங்கள். சதுர அடைப்பில் இருப்பதெல்லாம் உங்கள் குழு சேர்த்தது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவையுங்கள்.