அமெரிக்க டிவி நடிகர்கள் சிலரின் பெயர் வாயில் நுழையவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

பெரும்பாலும் அது பெற்றோரின் தாய்மொழிப் பெயர்தான். ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடருக்காக 2014-இல் எம்மி என்ற டிவி விருது வாங்கிய ஊசோ அடூபாவின் முழுப்பெயர் ஊசோஅமாகா. நைஜீரியாவின் இக்போ மொழியில் ‘பாதை நல்லது’ என்று பொருள். சின்ன வயதில், தன்னை ஸோயி என்று கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் கேட்டாராம். அம்மா அசரவில்லை. சைகோவ்ஸ்கி, தஸ்தயேவ்ஸ்கி என்ற ரஷ்யப் பெயர்களை எல்லாம் சொல்லப் பழகியவர்கள் இதையும் பழகட்டும் என்றுவிட்டார்.

எல்லோரும் அப்படி நிற்பதில்லை. ‘ஹவுஸ்’ தொடரில் டாக்டராக வந்த கல் பென், குஜராத்திக் குடும்பத்துக் கல்பென் மோதி. பெயரை மாற்றினால் வாய்ப்பு கூடும் என்ற நண்பர்களைப் பொய்யாக்கவே விளையாட்டாக இரண்டாக உடைத்துப் போட்டார். ஆடிஷன் அழைப்புகள் நிஜமாகவே கூடிவிட்டன! அப்புறம் 2009-இல் வெள்ளை மாளிகை வேலைக்குப் போனபோது பழையபடி கல்பென் மோதி.