ஸ்க்ரூ மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உர மூட்டையும் மருந்தடிக்கும் மிஷினும் வைக்க 10க்கு 12 அடியில் ஓர் அறை கட்டி, போன வருடம் கூரைக்குத் தகர ஷீட் போட்டோம். தரை மண் தரைதான். எலி வராமல் ஷீட் ஓரத்தையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து மழையே இல்லை. ஆனாலும் காலையில் உள்ளே சொட்டுகிறது, அதுவும் ஸ்க்ரூ அடித்த வரிசையிலேயே. யூரியா கட்டியாகிவிட்டது. எல்லா ஸ்க்ரூவுக்கும் சிலிகான் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் கூரை ஒழுகவில்லை, வேர்க்கிறது.

குன்னூரில் நான் கூரை வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து டிசம்பர், ஜனவரி வந்தால் இதே புகார்தான். மேகமில்லாத இரவில் ஷீட் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் சில்லிட்டுப் போகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் இட்லிப் பானை மூடி மாதிரி முத்து முத்தாகத் திரளும். வெயில் ஏறும் நேரத்தில் அது வாட்டத்தில் வழிந்து வந்து, ஷீட்டின் பள்ளம் பர்லினை (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) தொடுகிற இடத்தில் தடைபட்டுச் சொட்டும். ஸ்க்ரூவும் அதே பர்லினில்தானே இருக்கிறது? பழி அதன் மேல் விழுகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் விடிகாலையில் ஏணி போட்டு, ஷீட்டின் அடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எங்கே தொட்டாலும் நனைந்தால் வேர்வை. ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் ஈரமும் துருக்கறையும் இருந்தால்தான் ஒழுக்கு.

ஈரத்தைக் கொடுப்பது உங்கள் மண் தரை. வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த சிமென்ட். எலிக்குப் பயந்து கூரையின் மூச்சை அடைத்துவிட்டீர்கள்! சிமென்டைத் தட்டி எடுத்துவிட்டு அங்கே சின்னக் கண் உள்ள கம்பி வலை வையுங்கள். தரையில் கெட்டி பாலிதீன் விரித்து, அதன் மேல் பலகை போட்டு மூட்டையை அடுக்குங்கள். பாதித் தொல்லை இதிலேயே போய்விடும். மீதியும் போக வேண்டுமென்றால் ஷீட்டைக் கழற்றி, பர்லின் மேல் கோழி வலை கட்டி, ஃபாயில் ஒட்டிய ஃபோம் விரித்து, மறுபடி ஷீட் போட வேண்டும். ஒரு மார்கழி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படிக் கழற்றினால் ஒரு விஷயம். நான் தொழில் பழகியது கூடலூரில். அங்கே ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து அடிக்கும் மழைதான் பெரிது. அதனால் கிழக்கு ஓரத்தில் முதல் ஷீட்டைப் போட்டு, ஒன்றின் ஓரத்தின் மேல் அடுத்தது ஏறுகிற மாதிரி மேற்கே அடுக்கிக்கொண்டு போவோம். அப்போது ஓவர்லாப் வாய், அதாவது மேல் ஷீட்டின் ஓரம், மழைக்கு முதுகு காட்டும். புத்தி அதிலேயே ஊறிப்போய், உங்கள் கோத்தகிரியில் ஒரு மாட்டுக் கொட்டகைக்கும் அப்படியே அடுக்கிவிட்டேன். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வந்து ஓவர்லாப் வாய்க்குள் நேராகப் புகுந்தது. மாடுகள் இரவெல்லாம் படுக்கவே இல்லை. என் கைக்காசில் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் ஊரில் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்துக் கிழக்கே வரச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவை மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும், நசுங்கினால் வெடித்துவிடும். வேலை முடிந்ததும் ட்ரில் போட்ட இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் ஆள் கீழே இறங்க வேண்டும். விட்டால் முதல் மழையிலேயே புது ஷீட் முழுக்கத் துருப் புள்ளி.