செல்ஃப் சுற்றுகிறது, பெட்ரோல் டிராக்டர் பிடிக்கவில்லை: எஞ்சினைக் கழற்ற விடாதீர்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: தாத்தா காலத்து ஃபெர்குசன் டி.இ.20 பெட்ரோல் டிராக்டர், இரண்டு வருடமாகத் தென்னந்தோப்பு ஷெட்டில் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டாயிற்று, பிளக் துடைத்தாயிற்று, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை. வந்து பார்த்த புரோக்கர் "எஞ்சின் போச்சு, கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். நிற்கும் முன் ஓடிய வண்டி, செல்ஃப் போட்டால் இன்றும் சுற்றுகிறது என்றால் எஞ்சின் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கரண்ட் வரவில்லை, இல்லாவிட்டால் பெட்ரோல் வரவில்லை.

முதலில் கரண்ட். டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் காக் என்ற திருகை மூடிவிட்டு, சிந்தியிருந்தால் துடைத்து உலர விடுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அந்த ஓட்டையிலிருந்து விலக்கி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினில் படும்படி வைத்துவிட்டு, வேறு ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். நீலமாக, டக் டக்கென்று சத்தத்தோடு பொறி வந்தால் சரி. மஞ்சளாகச் சோகையாக வந்தாலோ, வராமலே போனாலோ, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் பாயிண்டைப் பாருங்கள். இரண்டு மழைக்காலம் ஈரத்தில் நின்ற வண்டி, அந்தச் சின்ன வாய் இரண்டும் பூத்துப்போய்த்தான் இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு வெள்ளைக் காகிதத்தை நடுவில் விட்டு இழுங்கள், காகிதம் அழுக்கில்லாமல் வருகிற வரைக்கும். பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் இடைவெளி போதும்.

புது பேட்டரி என்று எழுதியிருப்பதால் ஒன்று கேட்க வேண்டும். எந்த முனையை பாடியில் மாட்டினீர்கள்? இது 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த வண்டி, இதில் பிளஸ்தான் எர்த். இன்றைய பழக்கத்தில் மைனஸை எர்த்தில் மாட்டினால் பொறி பலவீனமாகும், வண்டி பிடித்தாலும் டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட் கருகும். பேட்டரி விற்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம் பெட்ரோல். இந்த வண்டியில் பம்ப் கிடையாது, மேலே இருக்கும் டேங்கிலிருந்து தானாக இறங்குவதுதான். இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் எத்தனால் கலந்ததுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து தங்கும், கார்ப்ரேட்டருக்கு முதலில் இறங்குவதும் அதுதான். பழைய வண்டிக்காரன் என்ன செய்வான் என்று யாராவது யோசித்தார்களா? பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். புதுப் பெட்ரோல் ஊற்றி, கார்ப்ரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாருங்கள், சீராக ஒழுக வேண்டும். சொட்டினால் காக்கின் வலையோ டேங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். வண்டியின் மாடல் தகட்டில் டி.இ.ஏ. 20 (TEA 20) என்றிருந்தால் அது பெட்ரோல் வண்டி. டி.இ.டி. 20 (TED 20) என்றிருந்தால் மண்ணெண்ணெய் வண்டி, பெட்ரோலுக்குத் தனியாகச் சின்ன டேங்க் இருக்கும். பெட்ரோலில் பிடிக்க வைத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்ட வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், குளிர்ந்த எஞ்சின் அதில் ஜென்மத்துக்கும் பிடிக்காது. உங்களுடையது டி.இ.டி. என்றால் முதல் வேலை கிண்ணத்தை வடிப்பது. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால், ஆயில் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இனி அந்த டீசல் யோசனை. ஆர்.சி.யில் இருப்பது பழைய எஞ்சின் நம்பர். முன் அனுமதி வாங்காமல் மாற்றினால் வண்டியும் ஆர்.சி.யும் ஒத்துப்போகாது, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேற வேண்டியவர் நீங்கள்தான், புரோக்கர் கூட வரமாட்டார். கழற்றிய பெட்ரோல் எஞ்சினை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, பழைய வண்டி சேர்க்கிறவர்களிடம் நல்ல விலைக்குத் தள்ளுவதுதான் இந்தப் புரோக்கர்கள் கணக்கு. எல்லையோரத்துக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "சர்வீஸுக்கு" என்று கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன கார்ப்ரேட்டர் திரும்பி வந்தபோது அது அவருடையதே இல்லை, வேறெதோ பம்புசெட்டிலிருந்து கழற்றியது. பிடிக்காத வண்டியைப் பிடிக்க வைக்க அவர் மூன்று மாதம் அலைந்தார். கடைகளில் இன்று வேலை பழகும் பையன்களுக்கு டீசல்தான் தெரியும், கார்ப்ரேட்டர் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, அந்தத் துணிச்சலில்தான் இதெல்லாம் நடக்கிறது. எதைக் கழற்றினாலும் உங்கள் ஷெட்டிலேயே, உங்கள் கண்முன்னே நடக்கட்டும்.

பேட்டரி இறங்கிப்போய், எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டில் போட நேர்ந்தால், கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கட்டை விரல்தான் உடையும். பிடித்த உடனே ஆக்சிலேட்டரை ஏற்றாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். இவ்வளவும் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், பொறி என்ன நிறத்தில் வந்தது, தகட்டில் என்ன எழுத்து என்ற இரண்டையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.