வாசகர் கேள்வி–பதில்: சிற்றூர் மேதையின் பெயர் ராசி

கேள்வி: ‘தோத்தோ ஆ கொலோரி’ (‘வண்ணத்தில் தோத்தோ’) என்னும் பழைய இத்தாலிய நகைச்சுவைப் படத்தை வசன வரிகளின் துணையோடு பார்த்தேன். சிற்றூர் இசையமைப்பாளர் ஒருவர் புகழுக்காகத் தவிக்கும் கதை புரிந்தது. பெயர்களைக் கேட்டே இத்தாலியர்கள் சிரிப்பது ஏன்?

பதில்: ஸ்தேனோ இயக்கி 1952-இல் வெளிவந்த அந்தப் படத்தில் பாதிச் சிரிப்பு பெயர்களிலேயே இருக்கிறது, வசன வரிகளில் அது நழுவிப்போவது இயல்பே. நகைச்சுவை நடிகர் தோத்தோ ஏற்ற நாயகன் அந்தோனியோ ஸ்கன்னகாத்தியின் குடும்பப் பெயரைப் பிரித்தால் ‘பூனைகளின் கழுத்தை அறுப்பவர்’ என்ற பொருள் தொனிக்கும். தம்மைப் பெருமேதையென நம்பும் இசைக்காரருக்கு இதைவிடக் கொடுமையான பெயரை யார் சூட்டிவிட முடியும்? அவர் நம்பிக் காத்திருக்கும் மிலான் பதிப்பாளர்களான திஸ்கோர்தியும் சொட்சோஞோவும், வெர்தி, புச்சீனி ஆகியோரின் ஓபராக்களை வெளியிட்ட ரிக்கோர்தி நிறுவனத்தையும் அதன் போட்டியாளரான சொன்சோஞோவையும் திரித்து உண்டாக்கிய பெயர்கள். ரிக்கோர்தி என்றால் நினைவுகள். ‘தி ஸ்கோர்தி’ என்றாலோ ‘நீ மறந்துவிடுகிறாய்’ என்று பொருள். பதிலுக்காக ஊரில் ஏங்கிக் கிடப்பவர் மறதியின் வாசலில்தான் மனுப் போட்டிருக்கிறார்.

கேள்வி: ரயில் படுக்கைப் பெட்டிக் காட்சி கதையை நகர்த்தாமலே நீள்கிறதே?

பதில்: அது மேடையில் பிறந்த காட்சி. 1940-களில் பல்சுவை மேடை நிகழ்ச்சியில் தோத்தோவும் மரியோ காஸ்தெல்லானியும் நடித்து நடித்து வளர்த்ததை, அதே இருவரைக் கொண்டு படத்தில் சேர்த்தார்கள். காஸ்தெல்லானி ஏற்ற, உடன் பயணம் செய்யும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் பெயர் த்ரொம்பெத்தா என்கிறார். சிறு ஊதுகொம்பு என்று பொருள். உடனே தோத்தோ, அவருடைய தந்தையாகிய அந்தத் த்ரொம்போனை அறியாதவர் உண்டா என்கிறார். த்ரொம்போன் பெரிய ஊதுகருவி மட்டுமன்று, வெற்று ஆரவாரப் பேச்சுக்காரரையும் குறிக்கும். இசைக்காரரின் வாயில் இந்தக் கேலி எவ்வளவு பொருத்தமாக அமர்ந்துவிடுகிறது! கதை நகரவில்லை என்பது மெய்தான். காஸ்தெல்லானியின் முகத்தில் பொறுமை துளித்துளியாக வற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

கேள்வி: தலைப்பில் ‘வண்ணத்தில்’ என்று சொல்வானேன்?

பதில்: இத்தாலியின் ஃபெர்ரானியா நிறுவனம் உருவாக்கிய வண்ணப் படச்சுருளில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் அது, ஆகவே வண்ணமே விளம்பரமாயிற்று. அந்தச் சுருளுக்கு மிகுந்த வெளிச்சம் வேண்டியிருந்ததால், விளக்குகளின் வெப்பத்தில் நடிகர்கள் வெந்தார்கள். பினோக்கியோ மரப்பாவையாக ஆடும் காட்சியில் தோத்தோவின் கழுத்தும் முழங்கையும் வெவ்வேறு கயிறுகளில் தொங்குவனபோல் தனித்தனியே அசைவதையும், கயிறு தளர்ந்ததுபோல் அவர் உடல் மொத்தமாகச் சரிவதையும் அந்த அனலை நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.